நடந்துகொண்டிருப்பதற்குக் கவுண்டர் இல்லை

டோப்ரின் பதினெட்டு வருடமாக ட்ராலிபஸ் ஓட்டுகிறவன். டான்யூப் கரையில் இருக்கும் அந்த பல்கேரிய ஊரில் நான்காம் எண் வண்டி அவனுடையது. ரயில் நிலையத்தில் கிளம்பித் துறைமுகம் வரை போய்த் திரும்பும். மனைவி ஜெர்மனியில் ஒரு கிழவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். ஆகவே பதினான்கு வயது மகள் ரலிட்சாவுக்குச் சமைப்பது, துணி துவைப்பது, பள்ளிக்கூடக் கூட்டத்தில் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஆசிரியை சொல்வதைக் கேட்பது எல்லாம் அவன் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரலிட்சா சாப்பிடவில்லை. மேஜை மேல் போன் அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது.

"அப்பா, ஒண்ணு சொன்னா கத்தமாட்டியே?"

இப்படி ஆரம்பிக்கிற பேச்சுக்குக் கத்தாத தகப்பன் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. டோப்ரினும் வாயைத் திறந்தான். மகளின் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லு கண்ணு" என்றான்.

இணையத்தில் நிக்கி என்று ஒருவன். வயது பதினாறு என்று போட்டிருந்தான். படத்துக்குப் பதில் ஒரு நாய். மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவன்தான் கேட்டான். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. ரலிட்சா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அப்பா அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுததைக்கூட. பிறகு அவன் படம் கேட்டான். முதலில் சாதாரணப் படம், அப்புறம் வேறு மாதிரிப் படம். இவள் அனுப்பவில்லை. அன்றிலிருந்து பேச்சு மாறிவிட்டது. நீ சொன்னது அத்தனையையும் உன் நட்புப் பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்புவேன், அனுப்பக் கூடாது என்றால் சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் சொல்கிற இடத்துக்குத் தனியாக வா என்கிறான்.

"நான் அழுதேன்னு அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் டோப்ரின். கேட்ட உடனே, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"சாரிப்பா."

"விடு. அதை விடு."

ஊரில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. சிறார் இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மையம். அதன் சுவரொட்டி இரண்டு வருடமாக டோப்ரினின் இருக்கைக்குப் பின்னால்தான் ஒட்டியிருந்தது. தொப்பி போட்ட முள்ளம்பன்றி ஒன்று, 'குழந்தை பேசினால் நாங்கள் கேட்போம்' என்று கையை நீட்டியிருக்கும். டோப்ரின் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு, ரலிட்சாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

வாசலில் அதே முள்ளம்பன்றி ஆள் உயரத்துக்குச் சிலையாக நின்றது. உள்ளே மூன்று கவுண்டர்கள். ஒன்று விசாரணை. அதில் பிளாமென் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். டோப்ரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். பிளாமென் நடுவில் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டான். நல்ல பையன்தான்.

"சரிங்க சார். சம்பவம் நடந்துருச்சா, நடக்கப்போகுதா?"

"அப்படின்னா?"

"நடந்துருச்சுன்னா ரெண்டாம் கவுண்டர், பாதிப்புக்குப் பிந்தைய ஆதரவு. நடக்கப்போகுதுன்னா மூணாம் கவுண்டர், தடுப்பு."

"தம்பி, இப்ப நடந்துக்கிட்டிருக்கு. இதோ, போன் அதிருது பாருங்க."

பிளாமென் போனைப் பார்த்தான். உண்மையிலேயே வருத்தப்பட்டான். "நடந்துகிட்டிருக்கிறதுக்குக் கவுண்டர் இல்லை சார். போன வருஷமே கேட்டு எழுதியிருக்கோம்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஒண்ணு, முடியிற வரைக்கும் காத்திருங்க. இல்லாட்டி இன்னும் ஆரம்பிக்கலைன்னு எழுதிக் குடுங்க. நான் சொல்றேன், ஆரம்பிக்கலைன்னே எழுதுங்க. மூணாம் கவுண்டர்ல வரிசை கம்மி."

மூன்றாம் கவுண்டரில் வரிசையே இல்லை. ஆளும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து பிளாமெனே எழுந்து வந்து அங்கே உட்கார்ந்துகொண்டு, முன்பின் பார்த்திராதவன் போல "வணக்கம், என்ன விஷயம்?" என்றான். டோப்ரின் மறுபடி முதலிலிருந்து சொன்னான். ரலிட்சா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படிவம் ஏழு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் எதிர்த்தரப்பின் முழுப்பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை எண், முகவரி. கீழே, 'என் சொந்த விவரங்களை மையம் கையாளச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

"இது யாரு போடணும்?"

"அவர்தான் சார்."

"எவரு?"

"உங்க பொண்ணை மிரட்டுறவர். அவர் சம்மதம் இல்லாம அவர் விவரத்தை நாங்க தொடக் கூடாது. அது அவரோட அந்தரங்கம். சட்டம்."

"அவன் கையெழுத்துப் போடுவானா?"

"பெரும்பாலும் போடுறதில்லை" என்று ஒத்துக்கொண்டான் பிளாமென். "அதனால இந்தப் பக்கத்தை விட்டுட்டு நேரா ஆபத்து மதிப்பீட்டுக்குப் போயிடலாம்."

ஆபத்து மதிப்பீட்டைக் கணினி செய்தது. ரலிட்சாவின் வயது பதினான்கு. எதிர்த்தரப்பின் வயது, அவரே அறிவித்தபடி, பதினாறு. நேரில் சந்தித்ததுண்டா? இல்லை. படம் அனுப்பியதுண்டா? இல்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. 'சம வயதினரிடையே ஆரோக்கியமான நட்பு.'

"பச்சை!" என்றான் பிளாமென், பரீட்சையில் தானே தேறிவிட்டது போல. "ரொம்ப நாளைக்கப்புறம் பச்சை வந்திருக்கு. மேடத்துகிட்ட காட்டணும்."

மேடம் என்பது இயக்குநர் கராம்ஃபிலோவா. அறுபதை நெருங்கியவர், கழுத்தில் முள்ளம்பன்றி பதித்த பட்டுத் துணி. அவர் அறையிலிருந்து வெளியே வந்து, ரலிட்சாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"வாயைத் திறந்து பேசின குழந்தை! எவ்வளவு தைரியம்! தெரியுமா, நம்ம மையம் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார்கூட நிலுவையில் இல்லை."

"எல்லாத்தையும் தீர்த்துட்டீங்களா, மேடம்?" என்றான் டோப்ரின் ஆசையோடு.

"பதிவே பண்ணலையே. பதிவானாத்தானே நிலுவை?"

அவர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். டோப்ரினுக்குத் தனக்குத்தான் புரியவில்லை என்று பட்டது. போலீசுக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கராம்ஃபிலோவாவின் முகம் சுருங்கியது.

"போகலாம், யாரு வேண்டாம்னது? ஆனா இங்கேயும் வந்துட்டு அங்கேயும் போனா இரட்டைப் பதிவு ஆயிடும். புள்ளிவிவரம் கெட்டுப்போகும். கெட்ட புள்ளிவிவரத்தை வச்சுக்கிட்டு எந்தக் குழந்தையைக் காப்பாத்த முடியும், சொல்லுங்க?"

பிறகு ரலிட்சாவின் கையில் முள்ளம்பன்றி போட்ட கோப்பை ஒன்றைக் கொடுத்துச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிளாமென் படம் எடுத்தான். "உள்பதிவுக்கு மட்டும்" என்றார் மேடம்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் படம் மையத்தின் இணையப் பக்கத்தில் வந்தது. 'இந்த மாத வெற்றிக் கதை' என்று தலைப்பு. கீழே பெயர், பள்ளி, வகுப்பு. எட்டாம் வகுப்பு ரலிட்சா சிவப்பு ஜாக்கெட்டில், கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் பெட்டி இருந்தது: 'விதி ஒன்று. குழந்தையின் படத்தையும் பெயரையும் பள்ளியையும் இணையத்தில் ஒருபோதும் வெளியிடாதீர்கள்.'

டோப்ரின் போன் செய்தான். பிளாமென்தான் எடுத்தான்.

"நீக்கிடலாம் சார், தாராளமா. ஆனா படத்துல இருக்கிற குழந்தையே இணையத்துல விண்ணப்பிக்கணும். அது அவங்கதான்னு உறுதிப்படுத்த இன்னொரு படம் ஏத்தணும். முகம் தெளிவா தெரியணும், தொப்பி கூடாது. பதினாலு வேலை நாள்ல நீக்கிடுவோம். ரெண்டு படத்தையும்."

அன்று மாலைக்குள் நிக்கியிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ரலிட்சா போனைத் தகப்பனிடம் நீட்டினாள்.

'சிவப்பு ஜாக்கெட் உனக்கு நல்லா இருக்கு. உன் ஸ்கூல் எதுன்னு இத்தனை நாள் சொல்லாம ஏமாத்துனியே. சனிக்கிழமை நீ எங்கேயும் வர வேண்டாம், நானே வரேன். உங்க ஸ்கூல்ல எல்லாரையும் விழாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமே. அனுமதி இலவசம்னு போட்டிருக்கு.'

விழா என்பது மையத்தின் ஆண்டு விழா. 'பாதுகாப்பான சனிக்கிழமை' என்று பெயர்.

வெள்ளிக்கிழமை டோப்ரின் துறைமுக நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டான். கண்டக்டர் ஸ்லாட்கா டிக்கெட் பையோடு முன்னால் வந்தாள். ஐம்பத்தைந்து வயது, வண்டியில் அவளுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசியது கிடையாது.

"யோவ், அங்க நாலு பேர் கையைக் காட்டிட்டு நின்னாங்க. நீ என்னமோ ஊர்வலத்துல போற மாதிரி போற. குடிச்சிருக்கியா?"

கடைசி நிறுத்தத்தில் அவன் சொன்னான். ஸ்லாட்கா சூரியகாந்தி விதையைக் கொறிப்பதை நிறுத்தினாள்.

"இதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லாம, அந்த முள்ளம்பன்றிக்கு முன்னாடி போய்த் தொப்பியைக் கழட்டிட்டு நின்னியா?"

"இரட்டைப் பதிவு ஆயிடும்னாங்க..."

"பதிவைத் தூக்கி டான்யூப்ல போடு. ஸ்டேஷன்ல நேதான்னு ஒரு சார்ஜென்ட் இருக்கா. என் தங்கச்சி மகளைத் தொந்தரவு பண்ணினவனை அவதான் பிடிச்சா. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வா, நானும் வரேன்."

போலீஸ் நிலையத்தில் சிலை எதுவும் இல்லை. நேதா மேஜை மேல் பாதி தின்ற பனீட்சாப் பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, டோப்ரினைப் பார்க்காமல் ரலிட்சாவைப் பார்த்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது உன் தப்பு இல்ல. நீ ஏமாந்தியேன்னு யோசிக்காதே. அவனுக்கு இது தினசரி வேலை, உனக்கு இதுதான் முதல் தடவை. எதையாவது அழிச்சியா?"

"இல்ல. அழிக்கலாம்னு நெனச்சேன்."

"அழிக்காதது நல்லதாப் போச்சு. உங்க அப்பாகிட்ட சொன்னது அதைவிட நல்லது. சொல்லும்போது கத்தினாரா?"

"கத்தல."

நேதா அப்போதுதான் டோப்ரினை ஏறிட்டுப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள்.

மையத்துக்குப் போன் செய்து படத்தை எடுக்கச் சொன்னாள். முத்திரை வைத்த கடிதம் வேண்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டு, அந்த இணையப் பக்கத்தைப் பராமரிக்கும் பையனைத் தலைநகர் சோஃபியாவில் தேடிப் பிடித்தாள். பத்து நிமிடத்தில் படம் போய்விட்டது. ரலிட்சாவின் போனை எழுதி வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு நீ அந்த விழாவுக்கு வர வேண்டாம். நான் போறேன்."

"நானும் வருவேன்" என்றான் டோப்ரின்.

"வராதீங்கன்னா கேக்கவா போறீங்க? வந்தா வாயைத் திறக்கக் கூடாது."

சனிக்கிழமை ரலிட்சா பணிமனையில் ஸ்லாட்காவோடு இருந்தாள். டோப்ரின் விழா நடக்கும் கலாச்சார மன்றத்துக்குப் போனான். வாசலில் ஒரு பெண் உள்ளே நுழைகிற ஒவ்வொரு பெரியவர் சட்டையிலும் ஒரு வில்லையைக் குத்திக்கொண்டிருந்தாள். 'நான் நம்பகமான பெரியவர்' என்று அதில் எழுதியிருந்தது.

"நான் யாருன்னு பாக்க வேண்டாமாம்மா?"

"பெரியவர்தானே நீங்க? நகருங்க சார், பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

முன்வரிசைகளில் பிள்ளைகள். பின்னால் பெரியவர்கள். நேதா சாதாரண உடையில், ரலிட்சாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். டோப்ரின் அவளைப் பார்க்காதது போல நடந்துபோய், கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். பழுப்பு ஸ்வெட்டர், கையில் கல்யாண மோதிரம், நெஞ்சில் வில்லை. டோப்ரினிடம் புதினா மிட்டாயை நீட்டினார்.

"நல்ல காரியம் பண்றாங்க இல்ல?"

"ம்."

"உங்க பொண்ணும் வந்திருக்காளா?"

"இல்ல. உடம்பு சரியில்ல."

"அடடா. எந்த வகுப்பு?"

"எட்டு."

"அந்த வயசுதாங்க கஷ்டம்" என்றார் அவர். "அதுங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேக்க ஆளே இல்ல."

டோப்ரின் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். நல்ல மனிதர் என்று நினைத்தான்.

மேடையில் கராம்ஃபிலோவா பேச ஆரம்பித்தார். "அன்பான குழந்தைகளே! இந்த வருஷம் நாப்பத்தோரு கருத்தரங்கு நடத்தியிருக்கோம். ஒன்பதாயிரம் கோப்பை கொடுத்திருக்கோம். சிலர் கேக்கறாங்க, எத்தனை குழந்தையைக் காப்பாத்தினீங்கன்னு. நான் கேக்கறேன், குழந்தை ஆபத்துல இருந்தாத்தானே காப்பாத்த முடியும்? ஆபத்துன்னு பதிவு பண்ணினா, நாம அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? ஆபத்தை ஒருபோதும் ஒத்துக்காதது, அதுதான் நம்ம கொள்கை!"

ஆசிரியைகள் கைதட்டினார்கள்.

"இப்ப ஒரு சின்னக் கணக்கெடுப்பு. உங்கள்ல யாரையாவது இணையத்துல யாராவது மிரட்டியிருந்தா, தப்பா ஏதாவது கேட்டிருந்தா, எழுந்து நின்னு கையைத் தூக்குங்க. வெக்கப்படாதீங்க. கேமராக்காரர், குழந்தைங்க பக்கம் திருப்புங்க."

விளக்கு பிள்ளைகள் மேல் திரும்பியது. முந்நூறு பிள்ளைகள். ஒரு கை எழவில்லை. நடுவரிசையில் ஒரு சிறுமி காதோரம் சொறிந்துகொள்ள உயர்த்திய கையையும் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"பூஜ்யம்!" என்றார் கராம்ஃபிலோவா. குரல் தழுதழுத்தது. "ஆறு வருஷ உழைப்புக்குப் பலன், பூஜ்யம்!"

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் டோப்ரினின் பக்கத்து நாற்காலியில் ஒரு போன் ஒளிர்ந்தது. புதினா மிட்டாய்க்காரர் மடியில் வைத்துப் பார்த்தார். டோப்ரின் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் தானாகப் போயிற்று. திரையில் ரலிட்சாவின் படம். அதற்கு எதிரே, 'எங்க இருக்கே?'

அந்த மனிதர் இரண்டு கட்டை விரலாலும் வேகமாக எழுதினார். 'உள்ளதான். உன்னைக் காணோமே? பின்வாசலுக்கு வா.' எழுதிவிட்டுப் புன்னகையோடு டோப்ரினைப் பார்த்து, "மன்னிக்கணும், வீட்டிலேருந்து" என்று சொல்லி எழுந்தார்.

டோப்ரின் வாயைத் திறக்கவில்லை. நேதா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மிட்டாய் நாக்கில் அப்படியே இருந்தது. அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை.

"என்னங்க இது? விடுங்க!"

விடவில்லை. நாற்காலி சாய்ந்தது. நேதா தூணோரத்திலிருந்து வருவதற்குள் மேடையிலிருந்து ஒலிபெருக்கி அதட்டியது.

"அங்க யாரு சத்தம் போடுறது? ரெண்டு பேரும் உக்காருங்க! நம்பகமான பெரியவர்கள் இப்படியா நடந்துக்கிறது?"

நேதா அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கராம்ஃபிலோவா அட்டையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். "சார்ஜென்ட், எடுத்த நடவடிக்கைகள் பத்தி இன்னும் ஆறு படம் காட்ட வேண்டியிருக்கு. கைதை அதுக்கப்புறம் வச்சுக்கலாமே."

நேதா அப்புறம் வைத்துக்கொள்ளவில்லை. பின்வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது அந்த ஆள் எல்லாரிடமும், இது ஏதோ தவறு, தான் பக்கத்து ஊரில் டயர் கடை வைத்திருப்பவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே போனான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் கராம்ஃபிலோவாவின் பேட்டி வந்தது. 'எங்கள் நிகழ்ச்சிக்குக் குழந்தைகளும் பெற்றோரும் மட்டுமல்ல, அபாயகரமான நபர்களும் ஆர்வத்தோடு வருகிறார்கள் என்பது எங்கள் வீச்சுக்குச் சான்று. அடுத்த ஆண்டு பெரிய அரங்கம் தேவைப்படும்.' அரங்கம் ஒதுக்கப்பட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை பள்ளி விட்ட நேரத்தில் நேதா வீட்டுக்கு வந்தாள். மனைவி ஜெர்மனியிலிருந்து கிளம்பிவிட்டிருந்தாள். டோப்ரின் அவளுக்காக மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தான். நேதா காபி வேண்டாம் என்றாள். ஒரு தாளை மேஜை மேல் வைத்தாள்.

"அவன் போன்ல பதினொரு பொண்ணுங்க. ஏழு பேரைக் கண்டுபிடிச்சிட்டோம். மீதி நாலு பேர் செல்லப்பேர்லதான் இருக்காங்க. இந்த ஊர்ப் பிள்ளைங்கன்னு மட்டும் தெரியுது. ரலிட்சா, உனக்குப் பாக்க இஷ்டமில்லைன்னா பாக்க வேண்டாம்."

ரலிட்சா தாளை எடுத்தாள். முதல் பெயர், இரண்டாவது பெயர். மூன்றாவதில் விரல் நின்றது.

"பச்ச எலுமிச்சை" என்று படித்தாள். "இது இஸ்க்ரா. என் பக்கத்து பெஞ்சு. இல்ல, அவளா இருக்காது. அவ எப்பவும் சிரிச்சிட்டே இருப்பா."

அவள் விரல் அந்தப் பெயரிலேயே இருந்தது.

"இந்தப் பேரை அவளுக்கு வச்சதே நான்தான்" என்றாள் ரலிட்சா.

"அவங்க வீட்டுக்கு நான் போய்ப் பேசறேன்" என்றாள் நேதா.

ரலிட்சா யோசித்தாள். பிறகு பக்கவாட்டில் தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னாள். "ஆனா முதல்ல நான் போறேன். சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். உங்களைப் பாத்தா அவ இல்லவே இல்லைன்னுடுவா. அப்பா, நீயும் வராதே."

டோப்ரின் அடுப்பை அணைத்தான். வருவதில்லை என்று சொன்னான். இரண்டு தெரு தள்ளி, இஸ்க்ராவின் கட்டடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் நேதாவோடு போய் உட்கார்ந்தான்.

முதல் மாடிப் படிக்கட்டின் ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு பெண்களும் படியில் உட்கார்ந்தது தெரிந்தது. இஸ்க்ரா உரக்கச் சிரிப்பது தெருவரை கேட்டது. ரலிட்சா ஏதோ சொன்னாள். மறுபடி சிரிப்பு. ரலிட்சா இன்னும் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

டோப்ரின் எழுந்தான். நேதா அவன் கோட்டைப் பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைத்தாள்.

"பேசட்டும்" என்றாள்.